கேமராவைப் பார்த்து உட்கார்ந்த ஊர்

எங்கள் ஊர் செய்தியில் வந்து நான் பார்த்தது ஒரு சாவுக்குப் பிறகுதான். திருப்பூரில் கல்யாண ஆல்பம் போடும் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா போனில் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். தென்காசியிலிருந்து கடையம் போகும் சாலையில், எங்கள் ஊர் வளைவில், சனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ மாடியில் நின்று எடுத்திருந்தார்கள். தலைகள் மட்டும் தெரிந்தன. கீழே எழுத்து ஓடியது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. சாலை மறியல், போக்குவரத்து பாதிப்பு என்று இருந்தது. செத்தவள் பெயர் இல்லை. 'பீடி சுற்றும் பெண்' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

அவளும் நானும் ஒரே வகுப்பு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நான் குற்றாலத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போனேன், அவள் பீடி சுற்ற உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடத்தில் அவளோடு நான் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது. எனக்கு யாரோடும் பேச வராது. வீடியோவுக்கு முந்தின நாள் சாயங்காலம், சுற்றிய பீடியைப் பீடிக்கடையில் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வளைவைத் தாண்டியிருக்கிறாள். மலையை உடைத்துக் கேரளாவுக்குக் கல் கொண்டுபோகும் லாரி ஒன்று அவளை அடித்துவிட்டது. அந்த வளைவில் வேகத்தடை கேட்டு ஊர்க்காரர்கள் எத்தனையோ முறை மனு கொடுத்திருந்தார்கள். இந்த முறை மனு எழுதவில்லை. உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கமாட்டோம் என்று சொல்லி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வீடியோவை மறுபடி பார்த்தேன். அக்கா எங்கே இருக்கிறாள் என்று தேடினேன். தெரியவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. என் தொழிலில் முகம் தெரியாத படத்தை யாரும் வாங்கமாட்டார்கள். கல்யாணப் படம் எடுக்கத் திருப்பூருக்கு வருவதற்கு முன்னால், குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களை அருவிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். அருவி சரியாக விழாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தங்கள் முகம் இருட்டாக இருந்தால் படத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வீடியோவில் எங்கள் ஊர் முகமில்லாத ஒரு கூட்டமாக மட்டும் ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. நாமே போய் எடுப்போம் என்று தோன்றியது. ஆடி மாதம், கல்யாண வேலையும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் கேமராவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் தென்காசியில் இறங்கும்போது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்கக் குற்றாலம் போகிற கூட்டம், தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக. கடையம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "ரோட்ட மறிச்சிருக்காவ. பாவூர்சத்திரம் சுத்தித்தான் போகும், சம்மதம்னா இருங்க" என்றார். நான் இறங்கி, ஊர்ப்பக்கம் போகும் ஒரு பால்வண்டிக்காரர் பின்னால் உட்கார்ந்து பாதி தூரம் போனேன். மீதியை நடந்தேன்.

என்னை முதலில் பார்த்தது அக்காதான். ரோட்டின் நடுவில், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, நீ எங்கன வந்த? சொல்லவே இல்ல?"

நான் கேமரா பையைத் தொட்டுக் காட்டினேன். அவள் பின்னால் திரும்பி, "ஏட்டி, எந்தம்பி போட்டோ புடிக்க வந்திருக்கான். எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க" என்று சத்தம் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான் கேமராவைத் தூக்கியதும் ஊரே தன்னைச் சரிசெய்துகொண்டது. பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார்கள். ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்கள். கோஷம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"கேமராவப் பாருங்கலே. அங்கன என்ன பராக்கு?"

"சிரிக்கணுமா, சிரிக்க வேண்டாமா அண்ணாச்சி?"

"செத்த வீட்டுல சிரிப்பியா, சவமே. மூஞ்சிய நேரா வச்சிரு, போதும்."

"பின்னால நிக்கவன் மூஞ்சி தெரியல. கொஞ்சம் குனிஞ்சு உக்காரும்வே."

இருபது வருடமாக இவர்கள் வீட்டுச் சடங்குகளுக்கும் கல்யாணங்களுக்கும் நான்தான் ஊருக்கு வந்து படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் கேமராவுக்கு முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம். எனக்கும் ஒரே ஒரு பழக்கம்தான். கல்யாணத்தில் ஒரு சித்தப்பா முகம் விட்டுப்போனாலும் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் வரிசை வரிசையாக எடுத்தேன். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மரத்தடியில் நின்றவர்கள், டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவரையும் விடவில்லை. ஒரு பெரியவர் எழுந்து வந்து, "எம் முகம் விழுந்துச்சா?" என்று கேட்டார். திரையில் காட்டினேன். திருப்தியாகப் போய் உட்கார்ந்தார்.

செத்தவளுக்கு அஞ்சலித் தட்டி அடித்து வைத்திருந்தார்கள். அவளுடைய பீடித் தொழிலாளர் அட்டையிலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கும் கண்ணும் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தன. அவளை ஒரு தடவையாவது நான் எடுத்திருக்கலாம். எந்தக் கல்யாணத்திலும் அவள் பந்தி பரிமாறிக்கொண்டோ பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டோதான் இருந்தாள்.

மத்தியானம் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். செத்தவளின் அண்ணன் மகள் முன்னால் வந்து வாங்கினாள். இருபத்திமூன்று வயது இருக்கும். டிகிரி படித்தவள். வளைவின் இரண்டு பக்கமும் வேகத்தடை போடுவது, பள்ளிக்கூட நேரத்திலும் பெண்கள் பீடிக்கடைக்குப் போகும் நேரத்திலும் கல் லாரி வராமல் தடுப்பது, குடும்பத்துக்கு உதவித்தொகை வாங்கித் தருவது என்று மூன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவள் பக்கத்தில் அதிகாரி நின்றார். முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள், நான் முன்னால் போய் எடுத்தேன்.

படம் எடுத்ததும் அதிகாரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காப்பி பிறகு தருகிறோம் என்றார். அந்தப் பெண், "இப்பவே ஒண்ணு தாங்க சார்" என்றாள்.

அப்போதுதான் எங்கள் ஆட்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். பெரியவர்களில் ஒருவர், "காப்பி எதுக்கும்மா? அதான் போட்டோ புடிச்சாச்சுல்லா" என்றார். நாலைந்து பேர், "ஆமா, ஆமா, போட்டோ இருக்கு" என்றார்கள். கல்யாணத்தில் தாலி கட்டியதற்குப் போட்டோதானே சாட்சி. அவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் வரவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் உடம்பு வந்தது. எரித்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டு முன்னால் ஒரு புல்லட் வந்து நின்றது. ஸ்டேஷன் ஏட்டையா. ராயகிரிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊரிலும் அவருக்குச் சொந்தம் உண்டு. அக்கா காப்பி கொடுத்தாள். அவர் பேச்சில் ஒரு கடுமையும் இல்லை.

"அண்ணாச்சி, நேத்து நல்லா படம் புடிச்சியளாமே. ஊரெல்லாம் சொல்லுது."

நான் தலையை ஆட்டினேன்.

"கேஸ் ஒண்ணு எழுதியிருக்கு. ரோட்ட மறிச்சா எழுதாம முடியுமா? பேரு ஆறு பேருக்குத்தான் இருக்கு. மத்தவங்கன்னு போட்டிருக்கு. மத்தவங்க யாருன்னு மேல கேக்காவ. நாங்க எடுத்த வீடியோவுல பூராம் முதுகுதான் இருக்கு." சிரித்தார். "ஒங்க படத்துல கல்யாணத்துல நிக்க மாதிரி நிக்காவளாமே, எல்லாரும்."

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல நினைப்பு வருவதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

"நாளைக்குச் சாயங்காலம் அந்த கார்டக் கொண்டு வாங்க. காப்பி எடுத்துட்டுத் தந்துருதோம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"சரி சார்."

அவர் போனதும் அக்கா டம்ளரை எடுத்து ணங்கென்று என் முன்னால் வைத்தாள்.

"ஏலே கோட்டிக்காரா, சரிங்கியே. அந்தப் பிள்ள படம் இருக்கா அதுல?"

"எந்தப் பிள்ள?"

"தாள் வாசிச்சாள்லா, அவதான். போலீசுக்கு எழுதி, ஓடி, கயிறு ஏறி, எல்லாத்துலயும் பாசாகி நிக்கா. இனி வெரிபிகேசன்தான் பாக்கி. ஒரு கேசுல பேரு வந்தா அம்புட்டும் போச்சு. அவ அத்த பீடி சுத்திச் சுத்தித்தான் அவளப் படிக்க வச்சா. தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. காலையில் எங்கள் ரோட்டில் பெண்பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் போலீசிலோ பட்டாளத்திலோ இருப்பார். ஓடுகிற பிள்ளைகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. இவளும் அதில் ஒருத்தி என்று எனக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்? நானும் யாரிடமும் கேட்கிறவன் இல்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். துக்க வீடு. எனக்கு உள்ளே போய் உட்காரவே வெட்கமாக இருந்தது. அவளை வெளியே கூப்பிட்டு, ஏட்டையா வந்ததைச் சொன்னேன். அவள் பதறவில்லை.

"படத்தக் காட்டுங்க மாமா" என்றாள்.

இருவரும் தொழுவத்துப் பக்கம் நின்று பார்த்தோம். அவள் பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் முகங்களாகப் பார்த்ததை அவள் வேறு மாதிரி பார்த்தாள்.

"இந்த அண்ணன் பட்டாளத்துல இருந்து லீவுல வந்தவன். இவன் சவுதி போக விசா வந்து நிக்கான், பாஸ்போர்ட்டுக்கு ஸ்டேஷன்லதான் எழுதணும். இந்த மைனி சத்துணவு வேலைக்கு மனு போட்டிருக்கா. இது எங்க சித்தி." கொஞ்சம் சிரித்தாள். "சித்திக்கு ஒண்ணுமில்ல. கேஸ் போட்டா அதச் சொல்லிச் சொல்லியே ஊரச் சுத்தி வருவா."

பிறகு நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரயும் விடலயே மாமா நீங்க."

 யாராவது ஒருவராவது முகத்தைத் திருப்பியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அவர்கள் திருப்பவில்லை. எனக்காகவே நேராகப் பார்த்திருந்தார்கள்.

கடைசியாக அவள் தாளைப் பிடித்திருக்கும் படம் வந்தது. அதைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். அவள் முகம் பளிச்சென்று இருந்தது. கண் இமைகூடத் தெரிந்தது. அதிகாரியின் முகமும் தெளிவு. தாள் முன்னால் நீட்டியபடி இருந்ததால், அதில் எழுத்து எழுத்தாக இல்லை. தலைப்பும் கையெழுத்துப் போட்ட இடமும் மங்கலாகத் தெரிந்தன. மற்றது நீலக் கோடுகள்தான். முப்பது வருடமாக ஃபோகஸ் வைக்கும்போது என் கை முகத்தில் போய்த்தான் நிற்கும். அன்றும் அங்கேயே நின்றுவிட்டது.

"தாளுல என்ன எழுதியிருக்குன்னு தெரியலயே" என்றாள்.

"தெரியல."

"அப்ப நான் சொன்னாத்தான் உண்டு. நான் வாசிச்சது மூணும் எனக்கு மனப்பாடம்."

"வேண்டாம்மா" என்றேன். "எல்லாத்தயும் அழிச்சிருதேன். கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிருதேன்."

"மத்ததெல்லாம் அழிச்சிருங்க. இத அழிக்கக் கூடாது. அந்தாளு இங்கன வந்து நின்னாரு, ஒரு தாளுல கையெழுத்துப் போட்டாருன்னு காட்ட நம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

"இதுலதான் நீ இருக்க."

"இருக்கட்டும் மாமா."

முகத்தை மட்டும் மறைத்துவிடலாம், திருப்பூரில் ஆல்பம் போடுகிற பையன்கள் நிமிஷத்தில் செய்வார்கள் என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"மறச்சா மறச்சது தெரியும். மாத்தின படம்னு தூக்கிப் போட்டுருவாவ. அப்படியே வைங்க."

மறுநாள் காலையில் ஊரில் இருக்கப் பிடிக்காமல் குற்றாலம் போனேன். மெயின் அருவிக்கு எதிரே, கடைகளுக்கு நடுவில் ஒரு படியில் உட்கார்ந்து, துண்டால் கேமராவை மூடிக்கொண்டு அழிக்க ஆரம்பித்தேன். மொத்தமாக அழிக்க ஒரே பொத்தான் போதும். அந்த ஒரு படத்தை வைத்துக்கொள்ள வேண்டுமே. அதனால் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் கேமரா இங்கிலீஷில் ஏதோ கேட்கும். எனக்குக் குப்பைத்தொட்டிப் படம் மட்டும்தான் தெரியும். முகத்தைப் பார்ப்பேன், அழுத்துவேன். 'எம் முகம் விழுந்துச்சா' என்று கேட்ட பெரியவர் வந்தார். அவரை அழித்தேன். அக்காவை அழித்தேன். டிராக்டர் மேல் இருந்தவர்களை அழித்தேன். எதிரே அருவியில் நனைந்த சனங்கள் செல்போனைத் தூக்கித் தங்கள் முகத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். அவர்கள் முகத்தால் அவர்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நான் இவ்வளவு காலம் எடுத்தது எல்லாம் அந்த மாதிரி முகங்களைத்தான் என்று நினைத்தேன். முகம் தெரிவது எல்லோருக்கும் நல்லது என்றுதான் வைத்திருந்தேன்.

ஒரே படம் மிஞ்சியது. கார்டைக் கழற்றி மாத்திரை டப்பாவுக்குள் போட்டுக்கொண்டு, வேறு கார்டைக் கேமராவில் செருகினேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதை ஏட்டையாவிடம் சொன்னேன். "குத்தாலத்துக்குப் போனேன் சார். கூட்டத்துல தள்ளி, கேமராவுல தண்ணி பட்டுட்டு. படம் போச்சு."

அவர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆன் செய்தார். அது நன்றாக வேலை செய்தது. உள்ளே காலியாக இருந்தது. 

"சாரல்ல கேமராவத் தூக்கிட்டு அருவிக்குப் போனியளா?"

"ஆமா சார்."

"முப்பது வருசமா இதே தொழில்தானே அண்ணாச்சி?"

"ஆமா சார்."

கேமராவை அணைத்தார். பிறகு கேமராவை என் பக்கம் தள்ளினார். "மேல கேட்டா நான் இப்படியே சொல்லிருதேன். எழுதித் தரச் சொன்னா வந்து எழுதித் தரணும்." எழுதத் தெரியாது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த வாரமே திருப்பூர் திரும்பிவிட்டேன். கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

செத்தவள் வீட்டார் உதவித்தொகைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். வேகத்தடை வரவில்லை. பத்து நாள் லாரிகள் நேரம் பார்த்து வந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூட நேரத்திலும் வர ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டால், அப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்ததாக இங்கே ஒன்றும் இல்லையே என்றார்களாம். வந்த அதிகாரிக்கும் வேறு ஊருக்கு மாறுதல் ஆகியிருந்தது.

அக்கா போன் செய்தாள். "படத்த அனுப்புலே. திங்கக்கிழம மனுக் கொடுக்கப் போறோம்."

"எல்லாம் அழிஞ்சிட்டுக்கா" என்றேன். ஸ்டேஷனில் சொன்ன பொய்யை அக்காவிடமும் சொன்னேன். அக்காவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

"ஒரு படங்கூடவா இல்ல? தாள் படமும் போச்சா?"

"போச்சு."

"அவ்வளவு பேரும் ஒன்ன நம்பிக் காப்பி வாங்காம வந்தோம்லா. தண்ணி பட்டுச்சாம்ல, தண்ணி." வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஏட்டையாவிடம் பயந்து கொடுத்துவிட்டான் என்று ஒரு பேச்சு. வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டான் என்று இன்னொரு பேச்சு.

அந்தப் பெண்ணிடமிருந்தும் போன் வந்தது. படம் இருக்கிறது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"மாமா, கொடுத்திருங்க."

"வெரிபிகேசன் முடிஞ்சிட்டா?"

"இல்ல. அது எப்ப வருமோ. நேத்து பள்ளிக்கூடப் பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு லாரி ஒரசிட்டுப் போயிருக்கு. கொடுங்க மாமா."

"கொஞ்சம் பொறும்மா."

"நான்தானே மாமா சொல்லுதேன். எம் முகம்தானே."

நான் வாழ்க்கையில் யாருக்கும் முடியாது என்று சொன்னவன் இல்லை. சொல்லத் தெரியாததால்தான் பாதிக் கல்யாணத்தில் குறைந்த கூலிக்கு நின்றிருக்கிறேன். அன்று அவளுக்கு முடியாது என்று சொன்னேன். அவளே நேரில் போய் நான்தான் வாசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லப் போனாளாம், அவள் அப்பா வாசலை மறித்துக்கொண்டு அழுதிருக்கிறார். தங்கை போனது போதாதா, அவள் சுற்றிய பீடியெல்லாம் வீணாகப் போகணுமா என்று கேட்டிருக்கிறார். அப்பாவும் நானும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. இருவரும் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டோம்.

அவள் படத்தைக் கேட்ட அன்றிலிருந்து நாற்பது நாள். தினமும் காலையில் பள்ளிக்கூட நேரத்தில் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எட்டேமுக்கால் தாண்டினால்தான் வேலையில் கை போகும். சாயங்காலம் பெண்கள் பீடிக்கடைக்குப் போகும் நேரம் மறுபடி அப்படியே. கல்யாண மண்டபத்தில் மணமேடைக்கு முன்னால் நின்றாலும் காதில் லாரிதான் கேட்கும். ஒரு பிள்ளையின் வேலைக்காக ஊர்ப் பிள்ளைகளை ரோட்டில் விட்டிருக்கிறேனே என்று ஒரு நாள் தோன்றும். அவள் அத்தை பந்தி பரிமாறிக்கொண்டு முகம் தெரியாமலேயே போனாள், இவளாவது ஒரு இடத்துக்குப் போகட்டும் என்று இன்னொரு நாள் தோன்றும். எது சரி என்று யாரிடமாவது கேட்கலாம். எனக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது.

ஐப்பசியில் அவள் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போலீசார் வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ட்ரெயினிங்குக்கு ஆர்டரும் வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறாள் என்று குரலில் தெரியவில்லை. "இப்பமாவது எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அன்றைக்கே படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். மறுநாள் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள். ஊரிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.  என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மேசைக்கு முன்னால் எங்கள் முறை வந்தது. உட்கார்ந்திருந்த அலுவலர் படத்தைப் பார்த்தார்.

"தாளுல எழுத்து ஒண்ணும் தெரியலயே. என்ன எழுதியிருந்தது?"

நான் பின்னால் நின்றேன். அந்தப் பெண் முன்னால் போனாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்றையும் அன்று வாசித்த அதே வரிசையில் சொன்னாள்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல தாளப் பிடிச்சிருக்கது நான்தான் சார். செத்தவங்க எங்க அத்த. நானும் ரோட்டுலதான் உக்காந்திருந்தேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அடுத்த வாரம் போலீஸ் ட்ரெயினிங்குக்குப் போறேன். அதுக்குப் பிறகு கேக்கணும்னாலும் கூப்பிடுங்க, வந்து சொல்லுதேன்."

அவள் அப்பா என் கையைப் பிடித்தார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது நாள் நாங்கள் ஒளித்து வைத்ததை அவள் ஒரு மூச்சில் மேசைமேல் வைத்துவிட்டாள். அலுவலர் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்து, அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவள் பெயரையும் கேட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். அவள் என்னோடு நின்றாள்.

"எனக்காகத்தான் செஞ்சிய. தெரியும் மாமா."

"ம்."

"ஆனா நாப்பது நாளு. அந்த ரோட்டுல ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா, நான் இந்த வேலைக்குப் போயிருப்பேனா? போகத்தான் முடியுமா?"

 அவள் பதிலுக்காக நிற்கவில்லை. டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டுத் தன் சித்தியிடம் போய்விட்டாள்.

வேகத்தடை இரண்டும் போட்டுவிட்டார்கள். லாரி நேரத்துக்குப் போர்டு வைத்திருக்கிறார்கள். சில லாரிகள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. உதவித்தொகை வரும் என்கிறார்கள். அவள் ட்ரெயினிங்கில் இருக்கிறாள். அன்று எழுதிய அவள் பெயரை யாரும் எடுத்து அவளுக்கு எதிராக வைக்கவில்லை, இன்றுவரை. இனியும் வைக்கமாட்டார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த நாற்பது நாளில் எங்கள் வளைவில் யாரும் அடிபடவில்லை. ஊரில் சிலர் இப்போது, நீ யோசித்துச் செய்தது நல்லதாகப் போயிற்று என்கிறார்கள். அவர்களிடம் நான் சும்மா தலையை ஆட்டுகிறேன். அடிபடாததற்கு நான் காரணம் இல்லை. ஏதோ லாரிக்காரர்கள் அந்தந்த நேரத்தில் பிரேக்கைப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.